ஐந்து புள்ளி ஒன்பது

எங்கள் சங்கத்தில் வானம் முதலில் என் இடது காதில்தான் வந்து விழும். வலது காது எனக்குக் கொஞ்சம் மந்தம்.

உடுமலைக்கு வெளியே வெள்ளைக்கரடு என்ற குன்றின் உச்சியில், நாங்களே கல் சுமந்து, நாங்களே தகரம் அடித்துக் கட்டிய வட்டக் கூடுதான் எங்கள் வானியல் சங்கம். நடுவில் ஒரு தொலைநோக்கி, அதற்கு ஓர் ஏணி. சனிக்கிழமை இருட்டியதும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஏறி ஒரே விண்மீனைப் பார்ப்பார்கள். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, அதன் பிரகாசத்துக்குக் கண்ணாலேயே ஓர் எண் போடுவார்கள். எண் கூடினால் ஒளி குறைவு என்று அர்த்தம். இறங்கி வந்து அந்த எண்ணை என் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் வாய்விட்டு ‘ஆறு’ என்று சொல்லிவிட்டால் அடுத்து ஏறுகிறவரின் கண்ணும் ஆறைத்தான் பார்க்கும். மனிதக் கண் அவ்வளவு சுலபமாகச் சோரம் போகும். எல்லோரும் சொன்ன பிறகு, செயலாளராகிய நான் சராசரி போட்டு உரக்க அறிவிப்பேன். உலகெங்கும் இருந்து இப்படி எண்களைச் சேர்க்கும் மையத்துக்கும் அதை அனுப்பிவைப்பேன்.

மருந்துக்கடைக்காரியான எனக்கு வாய் நாற்றம் ஒன்றும் புதிதில்லை. தலைவர் லோகநாதன் பல் டாக்டர், கிராம்பு மணக்கும். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஆறுச்சாமியண்ணன் வாயில் எப்போதும் பூண்டு ஊறுகாய். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருக்கும் சபீனா மட்டும் ஏலக்காய் மென்றுவிட்டு வருவாள். அந்த ஒரு புண்ணியத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் பார்த்து வந்த விண்மீன் வடமகுடம் என்ற கூட்டத்தில் இருக்கிறது. சங்கத்தில் அதற்குச் சண்டி என்று பெயர். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், சமர்த்தாக ஒரே பிரகாசத்தில் இருக்கும். பிறகு ஒருநாள் காரணம் சொல்லாமல் மங்க ஆரம்பித்துக் காணாமலே போகும். எப்போது மங்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பிடிக்க முடியும். ஒரு தடவையாவது அது மங்கத் தொடங்கும் வாரத்தை நாங்கள் பிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வாயையும் காதோரம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர் சொல்லும் எண் ஒத்துப்போனது அபூர்வம். ஆறுச்சாமியண்ணனுக்குக் கண்புரை, ஆபரேஷன் என்றால் பயம். எல்லோரும் ஆறு என்றால் அவர் ஆறரை என்பார். அதற்காக அவரை யாரும் திருத்தியதில்லை. ஆளுக்கொரு தப்பு, நடுவில் எங்கோ நிஜம். அப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

பிறகு வானம் கெட்டது. செயற்கைக்கோள்கள் எறும்புச் சாரிபோல மேலே ஊர ஆரம்பித்தன. கீழே நான்குவழிச் சாலையின் விளக்குகள். தொலைநோக்கியில் கண் வைத்தால் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அப்போதுதான் லோகநாதன் அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். கண் வைக்கும் இடத்தில் மாட்டுகிற, முழங்கை நீளத்துக் கறுப்புக் குழல். பெயர் திருத்தி.

“குழாய்க்குள்ள வர்ற வெளிச்சத்துல எது செயற்கைக்கோளு, எது மேகம், எது ரோட்டு லைட்டுன்னு கண்டுபிடிச்சு இது தொடைச்சுருமுங்க. தொடைச்ச எடத்துல என்ன இருந்திருக்கோணுமோ அத வரைஞ்சிருமுங்க,” என்றார்.

“என்ன இருந்திருக்கோணும்னு அதுக்கு எப்படிங்க டாக்டர் தெரியும்?” என்று சபீனா கேட்டாள்.

“கம்பெனிகிட்ட மொத்த வானத்தோட அட்டவணையும் இருக்குது அம்மிணி.”

“வேண்டாம்னா அணைச்சுக்கலாங்களா?”

“இதோ, சுவிட்ச். அணைச்சா வெறும் கண்ணாடிதான். ஆனா எதுக்குங்க அணைக்கோணும்?” என்று சொல்லி, யார் கையும் தவறிப் படாமலிருக்க அந்தச் சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். “கம்பெனி சும்மாதான் குடுக்குது. வெள்ளிக்கெழம மட்டும் அவங்க ஆளுகளுக்குக் கூட்டைத் தொறந்து விட்டாப் போதும்.”

திருத்தி மாட்டிய முதல் சனிக்கிழமை லோகநாதன் இறங்கி வந்து ஐந்து புள்ளி ஒன்பது என்றார். சபீனாவும் ஐந்து புள்ளி ஒன்பது என்றாள். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் பூண்டு வாசனை வந்தது. ஆறுச்சாமியண்ணனும் அதே எண்தான்.

நான் அறிவித்ததும் கூடு குலுங்கக் கைதட்டினார்கள். இத்தனை வருஷப் பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே கண் வந்துவிட்டதாம். லோகநாதன் ஆள் அனுப்பிப் போண்டா வாங்கிவரச் செய்தார். ஆறுச்சாமியண்ணன் சந்தோஷத்தில் இரண்டு போண்டாவை ஒரே வாயில் போட்டுக்கொண்டார். நான் என் போண்டாவைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அவருக்குச் சொட்டு மருந்து கொடுப்பவளே நான்தான். அந்தப் புரைக்குள்ளிருந்து எப்படி ஐந்து புள்ளி ஒன்பது வரும்?

“புரையையும் திருத்திருது போலங்க,” என்றார் லோகநாதன், பல்லெல்லாம் தெரிய.

வெள்ளிக்கிழமை ஆட்கள் யார் என்று எனக்கு மெல்லத்தான் தெரிந்தது. எல்லோரும் வீட்டில் சாவு கண்டவர்கள். இறந்தவர் பெயரில் கம்பெனி தன் அட்டவணையில் ஒரு விண்மீனைச் சேர்த்துவிடும். திருத்தி உள்ள தொலைநோக்கியில் கண் வைத்தால் அது தெரியும். வாராவாரம் வந்து பார்த்தால் பிரகாசமாக இருக்கும். வராவிட்டால் மங்கும். விண்மீன் கொஞ்ச நேரம், அது முடிந்ததும் அதே கண்ணுக்குள் ஒரு நகைக்கடை விளம்பரம். பாதியில் கண்ணை எடுத்தால் முதலிலிருந்து ஓடும். செத்தவர்களைக் காட்டி ஒட்டியாணம் விற்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நமக்குச் சனிக்கிழமைதானே என்று இருந்துவிட்டேன்.

பெதப்பம்பட்டி வசந்தாமணியக்கா எங்கள் கடையின் பழைய வாடிக்கை. மூத்த மகள் நிகிலா சாலை விபத்தில் போன பிறகு அவர் பேச்சே குறைந்துவிட்டது. ஒருநாள் கடைக்கு வந்து கண்ணாடி மேசையில் கையூன்றிக்கொண்டு நின்றார்.

“முட்டிவலிக்கு மாத்திரை குடு அம்மிணி. வெள்ளிக்கெழம கரடு ஏறோணும்.”

“நீங்களுமாக்கா?”

“எம்புள்ள அங்கதான இருக்கறா.” முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“சின்னவளுக்கு ஒம்பது மாசம் ஆயிருச்சுல்லீங்க? திருப்பூர் போகலீங்களா?”

“ஹரிணி தெனமும் போன் பண்ணி, வாம்மா வாம்மான்னு அழுகறா. அவளுக்கு மாமியாரும் இல்ல. போனா ரெண்டு மாசமாச்சும் இருக்கோணும். அதுக்குள்ள பெரியவ மங்கிப் போயிருவாளே? போன வாட்டி காச்சல்னு ஒரு வெள்ளிக்கெழம போகல. அடுத்த வாரம் பாத்தா மொகமே வாடிக் கெடந்துச்சு அம்மிணி. ஏம்மா வரலேன்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு.”

சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை சாரல் பிடித்துக்கொண்டது. இந்த முட்டியோடு அவர் வழுக்குப் பாறையில் ஏறுவாரே என்று நானே என் ஸ்கூட்டரில் மேலே கூட்டிப்போனேன். கூட்டின் வாசலில் குடைகளோடு வரிசை நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தகரக் கூரை மூடியிருந்தது. மழை அதன் மேல் சடசடவென்று அடித்தது. தொலைநோக்கிக் குழாய் அந்தத் தகரத்தைப் பார்த்தபடி நிற்க, ஒரு பெரியவர் அதில் கண் வைத்து, “கண்ணு, அப்பன் வந்துட்டேன் சாமி,” என்று தேம்பிக்கொண்டிருந்தார்.

லோகநாதனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

“டாக்டர், கூரை மூடியிருக்குது.”

“மழைங்க. கருவி நனைஞ்சிரும்.”

“குழாய்க்கு நேரா தகரம் இருக்குதுங்க.”

“அதான் தொடைச்சுருமுங்களே.”

“தகரத்தையுமா?”

“தகரத்தையுந்தான்,” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே என்னவோ போலிருந்திருக்கும், குரலைத் தணித்தார். “ஈரோட்டுலிருந்து, காங்கேயத்துலிருந்து எல்லாம் வர்றாங்க. திருப்பி அனுப்பச் சொல்றீங்களா? மேகத்தையும் தாண்டிப் பாக்கும்னு சொன்னேன், நம்பிட்டாங்க. அழுகறாங்க, மனசு லேசாயிப் போறாங்க. உங்களுக்கு என்னங்க போச்சு?”

கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. சுவரோரம் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன். அதற்குள் வசந்தாமணியக்காவின் முறை வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, தகரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு நகைக்கடையையும் பார்த்து முடித்தார்.

மறுநாள் மழை விட்டு வானம் வெறித்திருந்தது. பொழுது சாய்ந்ததும், மற்றவர்கள் வருவதற்கு முன்பே, சபீனாவும் நானும் கூரையைத் திறந்தோம். டேப்பைப் பிரித்துச் சுவிட்சை அணைத்தேன். சபீனா ஏறிக் கண் வைத்தாள். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

“அக்கா, சண்டி இல்லக்கா.”

“கோடு கோடா வருதா?”

“கோடெல்லாம் வருது, போகுது. பக்கத்து நட்சத்திரமெல்லாம் அப்படியே இருக்குது. நடுவுல சண்டி இருக்கற எடம் மட்டும் கும்மிருட்டு. நீங்களே பாருங்க.”

பார்த்தேன். அவள் சொன்னதுதான். நாங்கள் எதற்காக இத்தனை காலம் காத்துக் கிடந்தோமோ அது நடந்து முடிந்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். அதே இடத்தில் சண்டி ஐந்து புள்ளி ஒன்பதில் சுடர்விட்டது. அணைத்தேன். இருட்டு.

வெறும் கண்ணாடியில் பார்க்கிறவர்கள் உலகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சபீனா போனில் தேடி அவர்கள் அனுப்பிய எண்களைப் படித்தாள். சண்டி பங்குனியிலேயே மங்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் போண்டா தின்ற அதே வாரம். அதற்குப் பிறகும் வாராவாரம் நாங்கள் அனுப்பிய ஐந்து புள்ளி ஒன்பதுகளை மையம் குப்பையில் ஒதுக்கியிருந்தது.

எல்லோரும் வந்தபின் சொன்னேன். சுவிட்சைப் போட்டும் அணைத்தும் காட்டினேன். வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“இத்தன நாளா நாம சொன்னது பொய்யின்னு ஊருக்குத் தெரியோணுமா சுகந்தி?” என்று ஆறுச்சாமியண்ணன் கேட்டார். “எனக்கு இப்பத்தான் எல்லாரு மாதிரியும் கண்ணு தெரியுது.”

லோகநாதன் உடனே கம்பெனியோடு போனில் பேசிவிட்டு வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. “ஒண்ணும் பிரச்சனையில்லீங்க. நாம எந்த எண்ணைச் சொல்றமோ அந்த மாதிரியே மங்க வெச்சுத் தர்றாங்களாம். வாரத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா.”

திருத்தி இருக்கட்டும் என்று கை தூக்கச் சொன்னார். சபீனாவையும் என்னையும் தவிர அத்தனை கையும் மேலே போயிற்று. போதும் என்று செயலாளர் பொறுப்பை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன். சீ என்று வந்தது. சாக்கடையில் கால் வைத்துவிட்டு வந்தவள் போல வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன்.

ஒரு வாரம் கழித்து லோகநாதன் பழத்தட்டோடு கடைக்கு வந்தார்.

“நீங்க சங்கத்துக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கறீங்க. சும்மா அனுப்ப மனசு வரலீங்க. உங்க பேர்ல ஒரு நட்சத்திரம் சேர்த்துட்டோம்.”

“நான் இன்னும் சாகலீங்களே டாக்டர்.”

“உசுரோட இருக்கும்போதே மரியாதைங்க. எடங்கூடப் பார்த்தாச்சு. சண்டி இருந்த எடம் சும்மாதான கெடக்குது? மங்கறதெல்லாம் இனி எதுக்குன்னு, அதே பிரகாசத்துலயே உங்க பேரைப் போட்டுட்டாங்க.”

பழத்தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அன்று காலைதான் ஹரிணி என்னைக் கூப்பிட்டிருந்தாள். “எங்கம்மா நீங்க சொன்னாக் கேப்பாங்க ஆன்ட்டி. பிரசவத்துக்கு டாக்டர் நாள் குறிச்சுட்டாங்க. எனக்கு பயமா இருக்குது.” அந்தக் குரல் காதிலேயே இருந்தது. வாயால் சொன்னால் வசந்தாமணியக்கா நம்பமாட்டார். அந்த ஏணியில் அவரே ஏறிப் பார்க்க வேண்டும்.

“சரிங்க டாக்டர். ஆனா பழைய வழக்கப்படி நடக்கோணும். எல்லாரும் பாத்துட்டு வந்து எங்காதுல அளவைச் சொல்லோணும். வெள்ளிக்கெழம வர்றவங்களும்.”

“ஆஹா, தாராளமா!” என்றார்.

விழா வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு. பூமாலை, மைக்செட், மறுபடியும் போண்டா. சபீனா கூரையைத் திறந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் நான் ஏறிக் கும்பிடுவதுபோலக் குனிந்து, டேப்புக்கு அடியில் விரல் விட்டுச் சுவிட்சை அணைத்தேன். கண் வைத்துப் பார்த்தேன். செயற்கைக்கோள்கள் கோடு போட்டன. நடுவில் இருட்டு. இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து இடது காதைக் காட்டினேன்.

முதல் ஆள் லோகநாதன். கண் வைத்தவர் ஒரு கணம் திடுக்கிட்டது முதுகிலேயே தெரிந்தது. இறங்கி வந்து நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், என் பக்கம் குனிந்தார்.

“அஞ்சு புள்ளி ஒம்பதுங்க. தகதகன்னு இருக்குது.”

அடுத்தவர் ஐந்து புள்ளி ஒன்பது என்றார். கணவன் மனைவியாக இரண்டு பேர் வந்து ஐந்து புள்ளி ஒன்பது என்றார்கள். ஒரு பெண் எண்ணைச் சொல்லிவிட்டு, “உங்களாட்டமே லட்சணமா இருக்குதுங்க,” என்று சேர்த்துக்கொண்டாள். ஆறுச்சாமியண்ணன் மேலே நிறைய நேரம் நின்றார். வலது கண்ணை எடுத்துவிட்டு இடது கண்ணை வைத்தார். பூண்டு வாசனை காதருகே வந்து தயங்கியது. இவராவது சொல்லட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“அதேதான் சுகந்தி. அஞ்சு புள்ளி ஒம்பது.”

கருவியை அணைத்தாகிவிட்டது. இனி பொய் சொல்ல அதற்கு வாய் இல்லை. இவர்களே சொல்கிறார்கள், சுத்தமான மனித வாயால், என் காதுக்குள் எச்சில் தெறிக்க. இத்தனை வருஷம் இவர்கள் மூச்சை உள்ளே வாங்கியதை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது. புடவைத் தலைப்பால் காதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமைக்காரர்கள் முன்னால் நின்றவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அவர்களும் வந்து நெம்ப அழகு, நெம்ப அழகு என்றார்கள்.

கடைசியாக வசந்தாமணியக்கா. படிக்குப் படி நின்று ஏறினார். கண் வைத்தார். எடுத்து முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெறும் வெற்றிலை வாசனை.

“கோவிச்சுக்காத அம்மிணி. எனக்கு ஒண்ணுந் தெரியல. கருகருன்னு இருக்குது. கோடு கோடா என்னவோ ஓடுது.”

அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். “உங்களுக்குத்தாங்க்கா சரியாத் தெரிஞ்சிருக்குது. அங்க ஒண்ணுமில்ல. அந்தக் கறுப்புக் குழலை நான் அணைச்சு வெச்சிருக்கறேன். அதுதான் இத்தன நாளா படம் வரைஞ்சு காட்டுச்சு.”

அவர் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது.

“அப்ப எம்புள்ள?”

“நிகிலான்னு காட்டின எடத்துல எப்பவுமே எதுவும் இருந்ததில்லீங்க்கா. மங்கறதுக்கு அங்க ஒண்ணுமே கெடையாது.”

“மழையன்னிக்கு, தகரம் மூடியிருந்துச்சே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒனக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரியுங்க்கா.”

“மாத்திரை குடுத்து ஏத்திவிட்டயே அம்மிணி.”

துப்பிவிட்டு வந்ததோடு என் வேலை முடிந்தது என்று நானும்தான் இருந்திருக்கிறேன்.

மைக்கில் லோகநாதன் குரல் வந்தது. “நம்ம சுகந்தியம்மா இப்ப அளவை அறிவிப்பாங்க!”

மைக்கை என் கையில் திணித்தார்கள். எழுந்து நின்றேன்.

“இன்னிக்கு வந்த அளவு ஒண்ணே ஒண்ணுதானுங்க,” என்றேன். “பார்த்தவங்க வசந்தாமணி. சண்டி தெரியல.”

யாரும் காதில் வாங்கவில்லை. அறிவிப்பு முடிந்தால் கைதட்டுவது வழக்கம், தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். போண்டாத் தட்டு சுற்றி வர ஆரம்பித்தது. சபீனா மட்டும் கயிற்றை விட்டுவிட்டுப் போனை எடுத்து, அந்த ஒரு அளவை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வசந்தாமணியக்கா என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண் காய்ந்துவிட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இந்நேரத்துக்குத் திருப்பூருக்கு பஸ் இருக்குமா?”

“இருக்குதுங்க்கா. பல்லடம் வழியா.”

“ஸ்டாண்டுல எறக்கி விட்டுரு,” என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்கிறவர், அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.